மோட்டர்ஹோமில் ஐரோப்பா: இரவு எங்கை நிப்பாட்டுறது?

குரும்பட்டி (லண்டன்)
ஞாயிறு, இரவு 10.12

வணக்கம் எல்லாருக்கும். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்ப ஒரு அலுவலா எழுதுறன்.

மாசியிலை பழைய மோட்டர்ஹோம் ஒண்டு வேண்டினம். 2009ஆம் ஆண்டு டீசல் வண்டி, ஏழு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, 3,500 கிலோ. நான், மனுசி, பிள்ளையள் ரெண்டு பேர், அம்மா. ஆகஸ்ட்டிலை மூண்டு கிழமை போகப்போறம். டோவரிலையிருந்து கலே, பிறகு பெல்ஜியத்திலை புரூஜ், அங்கையிருந்து ஜேர்மனியிலை கெவலார் மாதாவின்ரை தமிழ்த் திருவிழா (நாங்கள் சைவம்தான், ஆனால் அம்மாவுக்கு அங்கை ஒரு நேத்தி இருக்கு). அதுக்குப் பிறகு மொசல் ஆத்தங்கரை, பிரான்ஸிலை அல்சாஸ், கடைசியிலை சுவிஸிலை சித்தப்பா வீடு.

பகல் எப்பிடியும் போயிடும். பத்தொன்பது இரவு எங்கை படுக்கிறது எண்டதுதான் கேள்வி. ஆகஸ்ட் விலையிலை அஞ்சு பேருக்குக் கம்பிங் சைற் பாத்தால், மனுசி கேக்கிறா, "இந்தக் காசுக்கு ஹோட்டலிலை நிண்டிருக்கலாமே, பிறகென்னத்துக்கு இந்த வான்?" எண்டு. யூடியூப்பிலை பாத்தால் எல்லாரும் கடற்கரையிலை கதவைத் திறந்துவைச்சுக் கோப்பி குடிக்கினம். அது உண்மையோ? விரும்பின இடத்திலை நிப்பாட்டிப் படுக்கலாமோ? நடுச்சாமத்திலை பொலிஸ் வந்து தட்டினால் அம்மாவுக்கு நெஞ்சுவருத்தமே வந்திடும்.

---

தூங்காநகரம் (மியூனிக்)
ஞாயிறு, இரவு 10.47

அண்ணே, முதல்ல வாழ்த்துகள்! ரொம்ப யோசிக்காதீங்க. நான் மூணு வருஷமா ஒரு பழைய டெலிவரி வேனை மாத்தி வச்சுக்கிட்டு சுத்துறேன். கேம்ப்சைட்டுக்குன்னு காசு கொடுத்தது மொத்தமா பத்து தடவை இருந்தா அதிகம். பார்க்ஃபோர்நைட் செயலியை இறக்கிக்கோங்க, சாயங்காலம் மேப்பைத் திறந்தா சுத்துவட்டாரத்துல இருபது இடம் காட்டும். காட்டோரம், ஏரிக்கரை, மலைக்கு மேல பார்க்கிங்... புடிச்சதுக்குப் போய் நிறுத்திட்டு காலையில கிளம்பிடுங்க. இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் கதவைத் தட்டினாங்க, அதுவும் ஒரு பாட்டி, டீ வேணுமான்னு கேட்டுச்சு.

---

அப்புக்காத்து (டோர்ட்முண்ட்)
திங்கள், காலை 6.30

தூங்காநகரம் தம்பி தனியாகச் சாம்பல்நிற வானில் போகிறார். இவர் வயதான தாயோடும் பிள்ளைகளோடும் ஏழு மீற்றர் வெள்ளை வண்டியில் போகிறார். இரண்டும் ஒன்றல்ல.

குரும்பட்டி, ஐரோப்பா முழுவதற்கும் ஒரே சட்டம் என்று எதுவும் கிடையாது. நாட்டுக்கு நாடு, சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஒரு வேறுபாடு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். வாகனத்தை நிறுத்திவைப்பது வேறு, முகாம் போடுவது வேறு. ஜேர்மனியில் களைப்பாறி மறுபடி ஓட்டத் தகுதியாவதற்காக, தடைப்பலகை இல்லாத தரிப்பிடத்தில் ஒரு இரவு வண்டிக்குள் படுக்கலாம். வெளியே கதிரை போட்டு, சாய்ப்பை இழுத்துவிட்டு, அடுப்பு மூட்டினால் அது முகாம், தண்டம் கட்ட வேண்டிவரும். ஸ்பெயினில் 2008இல் போக்குவரத்துத் தலைமையகம் ஒரு அறிவுறுத்தலில் இதை இன்னும் தெளிவாக எழுதிவைத்தது: சில்லுகள் மட்டும் நிலத்தைத் தொடவேண்டும், வண்டியின் சுற்றளவுக்கு வெளியே எதுவும் நீட்டக்கூடாது, தண்ணீர் ஒழுகக்கூடாது. அப்படியானால் உள்ளே ஆள் தூங்குகிறதா, சமைக்கிறதா என்பது பொலிஸின் கவலை இல்லை. அதற்கு மேல் ஊராட்சிகளும் கரையோரச் சட்டமும் தத்தம் தடைகளைப் போடுகின்றன, அது தனிக்கதை.

குரோஷியா, ஸ்லோவேனியா, ஒல்லாந்து போன்ற இடங்களில் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே படுப்பதையே விடமாட்டார்கள். சுவிஸ் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் வேறு.

இன்னொன்று. உங்கள் ஓட்டுநர் அனுமதி 1997 ஜனவரிக்குப் பிறகு எடுத்ததென்றால் 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம். ஐந்து பேர், தண்ணீர்த் தாங்கி நிறைய 100 லீற்றர் என்றால் அதுவே 100 கிலோ, அதற்கு மேல் சாமான். போகமுதல் ஒரு எடைப்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள்.

---

வெட்டிப்பேச்சு (டொரண்டோ)
திங்கள், காலை 7.02

ஹோட்டல் புக் பண்ணிட்டு நிம்மதியா தூங்குறத விட்டுட்டு கக்கூஸ் டாங்கை கையில தூக்கிட்டு அலையறதுக்குப் பேரு விடுமுறையா? 😀

---

நல்லூர்வீதி (பாரிஸ்)
திங்கள், மாலை 5.20

வெட்டிப்பேச்சுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க ஏலாது.

குரும்பட்டி தம்பி, பிரான்ஸுக்குள்ளை நீங்கள் தேடவேண்டிய சொல்லு "ஏர்". ஏர் து கம்பிங்கார் எண்டு பலகை இருக்கும், வான் படம் கீறி. ஊராட்சியே தன்ரை ஊருக்குச் சனம் வரட்டும், வெதுப்பகத்திலை பாண் வாங்கட்டும் எண்டு ஒதுக்கிவிட்ட இடம். சிலது சும்மா, சிலது ஏழெட்டு யூரோ. வாசலிலையோ ஊர் முடியிற இடத்திலையோ ஒரு பெட்டி நிக்கும், தண்ணி பிடிக்க, ஊத்தைத் தண்ணி விட, ரொயிலெற் கழுவ. பெட்டிக்குச் சில இடத்திலை காட், சில இடத்திலை "ஜெத்தோன்" எண்டு ஒரு வில்லை. வில்லையை வெதுப்பகத்திலையோ சுற்றுலாப் பணியகத்திலையோதான் விப்பினம். திங்கக்கிழமை ரெண்டும் பூட்டு எண்டால் தண்ணியும் இல்லை, அதைக் கணக்கிலை வையுங்கோ.

கம்பிங்கார் பார்க் எண்டொரு வலையமைப்பு இருக்கு. ஒருக்கா அட்டை வேண்டிக் காசு போட்டால் எந்த நேரமும் தடுப்புக் கம்பு திறக்கும். எத்தினை இடம் வெறுமையா இருக்கு எண்டு செயலியிலையே காட்டும். பன்னிரண்டு, பதினைஞ்சு யூரோ அளவு. பிந்திப் போற இரவுக்கு அதை வைச்சிருங்கோ.

ஆனால் எனக்குப் பிடிச்சது பிரான்ஸ் பாசியோன். தொண்ணூறுகளிலை தொடங்கினது. வருசத்துக்கு ஒரு சின்னக் காசு கட்டினால் ரெண்டாயிரத்துக்கும் மேலை தோட்டக்காரர், வைன் செய்யிற ஆக்கள், ஆட்டுப் பண்ணைக்காரர் தங்கடை காணியிலை ஒரு இரவு, 24 மணித்தியாலம், காசில்லாமல் விடுவினம். வண்டிக்குள்ளை ரொயிலெற் இருக்கவேணும், அவையின்ரை வீட்டை கேக்கக்கூடாது. சாமான் வேண்டவேணும் எண்டு கட்டாயம் இல்லை. ஆனால் போய் இறங்கின உடனை வணக்கம் சொல்லவேணும், வெளிக்கிடேக்கை சொல்லிப்போட்டு வெளிக்கிடவேணும். ஊரிலை ஆற்றையும் வளவுக்குள்ளை போனால் நாங்கள் எப்பிடி நடப்பமோ, அதுதான்.

நெடுஞ்சாலைப் பெற்றோல் நிலையத்திலை மட்டும் படுக்காதையுங்கோ. அதுக்குப் பேரும் ஏர்தான், அதிலைதான் கன பேர் ஏமாறுறவை. கலேயிலையிருந்து தெற்காலை போற பாதையிலை களவு கூட. நெடுஞ்சாலையை விட்டு அஞ்சு கிலோமீற்றர் உள்ளுக்குப் போனால் வேறை உலகம்.

---

குரும்பட்டி (லண்டன்)
திங்கள், இரவு 9.55

நன்றி அண்ணையவை. தலை சுத்துது, ஆனால் விளங்குது.

களவு எண்ட உடனை ஒண்டு கேக்கவேணும். வேலையிடத்திலை ஒருத்தர் சொன்னார், பிரான்ஸிலை இரவிலை ஜன்னலாலை மயக்க வாயு அடிச்சுப்போட்டுக் களவெடுக்கிறவையாம். மனுசி அதைக் கேட்டதிலையிருந்து வரமாட்டன் எண்டு நிக்கிறா. வாயு காட்டுற கருவி வேண்டவோ?

---

மொசல்கரை (கோகெமுக்குக் கிட்ட)
திங்கள், இரவு 11.08

தம்பி, அந்தக் கதை நான் இஞ்சை வந்த காலத்திலையிருந்து சுத்துது. நான் மயக்கமருந்துப் பிரிவிலை தாதியா இருபது வருசம் வேலை செய்தனான். சத்திரசிகிச்சைக் கட்டிலிலை படுத்திருக்கிற ஆளுக்கே அளந்து அளந்து மூச்சைப் பாத்துக்கொண்டுதான் குடுக்கிறம். ஓட்டை ஒடிசலான வானுக்குள்ளை அஞ்சு பேரை எழும்பாமல் மயக்கவேணும் எண்டால் எத்தினை சிலிண்டர் வேணும், அவ்வளவுக்கும் மணமும் சத்தமும் இல்லாமல்? இங்கிலாந்திலை மயக்கமருந்து வைத்தியர்களின்ரை ராயல் கல்லூரியே இது கட்டுக்கதை எண்டு அறிக்கை விட்டது. களவு நடக்கிறது உண்மை. நல்லாக் களைச்ச ஆள் அடிச்சுப்போட்ட மாதிரிப் படுக்கும், கள்ளன் மெதுவாக் கதவைத் திறப்பான், காலமை தலையிடிக்கும், பிறகு வாயு எண்டு கதை. மனுசிக்கு இதை வாசிச்சுக் காட்டுங்கோ.

கார்பன் மொனொக்சைட் கருவி மட்டும் கட்டாயம் வேண்டுங்கோ. அது கள்ளனுக்கு இல்லை, உங்கடை சொந்த அடுப்புக்கு.

இனி எங்கடை பக்கம். ஜேர்மனியிலை "ஷ்டெல்பிளாட்ஸ்" எண்டு தேடுங்கோ, மோட்டர்ஹோம் நிப்பாட்ட ஒதுக்கின இடம். மொசல் கரையிலை ட்ரியரிலையிருந்து கோப்ளென்ஸ் வரைக்கும் ஊருக்கு ரெண்டு மூண்டு இருக்கும். ஊராட்சியின்ரை, வைன் தோட்டக்காரரின்ரை, சிலது நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலை. பத்துக்கும் பதினைஞ்சுக்கும் இடையிலை. பின்னேரம் ஆராவது வந்து காசு வேண்டுவினம், இல்லாட்டில் மிஷின் நிக்கும். கரண்டுக்கு 50 சதம், ஒரு யூரோக் குத்தி கை நிறைய வைச்சிருங்கோ, மாத்தித் தர அங்கை ஆளில்லை.

வெள்ளி, சனி ஆகஸ்ட்டிலை மத்தியானத்தோடையே நிரம்பிடும். வைன் திருவிழா நடக்கிற ஊரெண்டால் சொல்லத் தேவையில்லை. நாலு மணிக்கு முன்னம் வந்து நிப்பாட்டுங்கோ. ஆத்துக்கு ஒட்டின முதல் வரிசை கிடைக்காட்டில் கவலைப்படாதையுங்கோ, கப்பல் ஏஞ்சின் சத்தம் விடிய அஞ்சுக்கே தொடங்கும்.

---

தூங்காநகரம் (மியூனிக்)
செவ்வாய், காலை 8.15

அக்கா சொல்றதெல்லாம் சரி. ஆனா வண்டியை வாங்கி அத்தனை பேரும் ஒரே தார்த்தளத்துல ரெண்டு மீட்டர் இடைவெளியில வரிசையா நின்னா, அது மீன் மார்க்கெட் மாதிரிதானே இருக்கு? அண்ணே, ஒரு நாலஞ்சு ராத்திரியாவது காட்டுப் பக்கம் நிறுத்திப் பாருங்க. என்கிட்ட பட்டியலே இருக்கு, பிளாக் ஃபாரஸ்ட்ல மட்டும் பதினாலு இடம். இங்கேயே மேப் லிங்க்கோட போட்டுடுறேன், எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்.

---

அப்புக்காத்து (டோர்ட்முண்ட்)
செவ்வாய், காலை 8.40

போடாதீர்கள்.

இதைக் கோபத்தில் சொல்லவில்லை, தம்பி. நான் பதினெட்டு வருடமாக வோன்மொபில், அதாவது மோட்டர்ஹோம், ஓட்டுகிறேன். ஸாவர்லாந்தில் ஒரு அணைக்கட்டுக்கு மேலே ஒரு தரிப்பிடம் இருந்தது. வாரத்துக்கு ஒரு வண்டி நிற்கும். யாரோ ஒருவர் செயலியில் படத்தோடு போட்டார். அடுத்த கோடையில் பதினைந்து வண்டி, பற்றைக்குள் காகிதம், ஒருவர் மழைநீர் வடிகாலில் கழிவுத்தாங்கியைத் திறந்துவிட்டார். அதற்கடுத்த கோடையில் இரண்டு மீற்றர் உயரத்தில் குறுக்குக் கம்பி. இப்போது எனக்கும் இல்லை, போட்டவருக்கும் இல்லை.

போர்த்துக்கலில் நாட்டளவில் நடந்ததும் இதுதான். தெற்குக் கரை முழுக்க வான்கள் குவிந்து, 2021 தொடக்கத்தில் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே இரவு தங்குவதையே தடைசெய்தார்கள். எதிர்ப்பு வந்து அதே வருடம் தளர்த்தினார்கள்: ஒரு மாநகரசபை எல்லைக்குள் 48 மணித்தியாலம் வரை நிற்கலாம், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் கரையோரத்திலும் கூடாது. கடற்கரைக் கோப்பிப் படங்கள் பலதும் அதற்கு முந்தியவை.

---

தூங்காநகரம் (மியூனிக்)
செவ்வாய், காலை 9.05

அப்போ தகவலைப் பகிர்றதே தப்பா? நீங்க அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? யாரோ சொல்லித்தானே? புதுசா வர்றவங்க மட்டும் காசு கட்டி நிக்கணும், பழைய ஆளுங்க ரகசியமா ஏரிக்கரையில நிக்கணும்னா அது என்ன நியாயம்?

---

அப்புக்காத்து (டோர்ட்முண்ட்)
செவ்வாய், மாலை 6.12

நியாயமான கேள்வி. யாரோ சொல்லித்தான். ஒரு முதிய ஒல்லாந்துக்காரர், வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுத் தந்தார். தரும்போது என் வண்டியின் கீழே குனிந்து, தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

---

ஒஸ்லோப்பனி (நோர்வே)
செவ்வாய், இரவு 10.30

ஒரு சின்னத் திருத்தம், இங்கை இல்லாவிட்டாலும் பிறகு ஆரும் கேப்பினம். "நோர்வேயிலை எங்கையும் படுக்கலாம், சட்டமே இருக்கு" எண்டு சொல்லுறவை. 1957 ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடையாப் போறவனுக்கும் கூடாரத்துக்கும். வீட்டிலையிருந்து 150 மீற்றர் தள்ளி. மோட்டர் வாகனத்தை வீதியை விட்டுப் புல்லுக்குள்ளை இறக்கிறது வேறை சட்டத்திலை குற்றம். ஸ்கொட்லாந்திலை 2003 சட்டமும் அப்பிடித்தான், மோட்டர் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. வீதியோரத் தரிப்பிடத்திலை சனம் நிக்கிறது பொறுத்துப்போறதாலை, உரிமையாலை இல்லை.

---

நல்லூர்வீதி (பாரிஸ்)
புதன், மாலை 4.45

குரும்பட்டி, ரெண்டு விசயம் மறந்துபோனன்.

ஒண்டு, சாப்பாடு. பிரித்தானியாவிலையிருந்து வரேக்கை இறைச்சி, பால் சாமான் கொண்டுவர ஏலாது இப்ப. ஆட்டுக்கறியைச் சமைச்சுப் பெட்டியிலை போட்டாலும் அதுதான். மீன் கொண்டுவரலாம், 20 கிலோ மட்டும். கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குச் சான்றிதழ் வேணும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு வேண்டாம்! ஆர் இதைத் தீர்மானிச்சதோ தெரியேல்லை, எங்கடை ஆளாத்தான் இருக்கவேணும்.

ரெண்டாவது, திரும்பிப் போற கடைசி இரவு. கலேக்குக் கிட்டப் படுக்காதையுங்கோ. நூறு கிலோமீற்றர் தள்ளி ஒரு ஊருக்குள்ளை படுத்து, காலமை நேரா துறைமுகத்துக்குப் போங்கோ, வழியிலை நிப்பாட்டாமல். பின்பக்கச் சாமான் அறை, சைக்கிள் தாங்கி, எல்லாம் பூட்டு. ஆராவது ஒளிச்சு ஏறினால் அந்தப் பக்கம் இறங்கேக்கை ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்ஸ் வரைக்கும் உங்களுக்குத் தண்டம் போடலாம், 2023 இலை கூட்டினது. லொறிக்கு மட்டும் எண்டு நினைக்காதையுங்கோ.

---

காவலன் (மட்டுறுத்துநர்)
புதன், மாலை 5.00

தேங்காய் இறக்குமதி பற்றித் தனி இழை தொடங்கலாம். இங்கே இரவுத் தங்கல் மட்டும். 🙂

---

குரும்பட்டி (லண்டன்)
புதன், இரவு 11.20

கடைசிக் கேள்வி. முன்கூட்டியே எல்லா இரவும் பதியவோ, இல்லாட்டில் போற போக்கிலை பாக்கவோ? வாகனம் 2009 டீசல், புகைத் தரம் யூரோ 4. நகரங்களுக்குள்ளை போக ஒட்டுற புகை ஸ்டிக்கர் என்ன வேணும்?

---

மொசல்கரை (கோகெமுக்குக் கிட்ட)
வியாழன், காலை 5.50

பாதிக்கு மேலை பதிய ஏலாது தம்பி, வாற ஒழுங்கிலைதான் இடம். நான் செய்யிறதைச் சொல்லுறன். காலமை தேத்தண்ணி குடிக்கேக்கையே அண்டிரவுக்கு மூண்டு இடம் தாளிலை எழுதிப்போடுவன். முதலாவது ஆசைப்பட்டது, ரெண்டாவது சுமாரானது, மூண்டாவது பெரிசா, வடிவில்லாமல், கட்டாயம் இடமிருக்கிறது. மூண்டும் ஒரே பாதையிலை இருக்கவேணும், முன்னுக்குப் பின்னாலை ஓடித்திரியக் கூடாது. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிறகு புது இடம் ஒண்டும் பாக்கப் போறதில்லை, படுக்கிற ஊரை நோக்கித்தான் ஓட்டம். பிள்ளையளுக்குப் பசி வந்தாப் பிறகு இடம் தேடினால் வீட்டிலை சண்டைதான்.

செயலியிலை நட்சத்திரத்தைப் பாக்காதையுங்கோ, திகதியைப் பாருங்கோ. போன கிழமை ஆராவது எழுதினதை வாசியுங்கோ. கம்பர்கொன்ராக்ற் செயலியிலை ஒதுக்கின இடங்கள் ஒழுங்கா இருக்கும், அதையும் வைச்சிருங்கோ. அக்சி எண்ட கம்பிங் தள்ளுபடி அட்டை ஆகஸ்ட்டிலை பெரும்பாலும் செல்லாது, அதுக்குக் காசு குடுக்காதையுங்கோ.

யூரோ 4 டீசலுக்கு இஞ்சை பச்சை ஸ்டிக்கர் கிடைக்கும், பிரான்ஸிலை கிறிற்றேர் எண்ட ஸ்டிக்கரிலை மூண்டாம் இலக்கம். பெல்ஜியத்திலை அன்ட்வெர்ப் நகரத்துக்குள்ளை போகாதையுங்கோ, சுத்துவட்டப் பாதையாலை வாங்கோ.

---

குரும்பட்டி (லண்டன்)
செப்டெம்பர், ஞாயிறு, மாலை 6.40

வந்திட்டம்! எல்லாரும் உயிரோடை. சொன்னமாதிரி எழுதுறன், நீளமா இருந்தால் குறை நினைக்காதையுங்கோ.

முதல் இரவே எல்லா விதியையும் முறிச்சம். கப்பல் பிந்தி, கலேயிலை இறங்க இரவு ஒம்பதரை. எழுதி வைச்ச முதலாவது ஏர் நிரம்பி வழியுது. ரெண்டாவதுக்குப் போனால் வாசலிலை ஏதோ வேலை நடக்குது, பூட்டு. மூண்டாவது ஒரு சின்ன ஊர். நல்ல இடம், மரம், லைற், தண்ணிக் குழாய், ஒரு வண்டியும் இல்லை. நான் நிப்பாட்டி, சில்லுக்குக் கட்டை வைச்சு மட்டம் பாத்து, எல்லாரும் படுக்கப் போற நேரம் அம்மா திரைச்சேலையை விலக்கிப் பாத்தா. "தம்பி, உது என்ன மதில்?"

சுடலை. பிரெஞ்சுச் சனம் பூவுக்குத் தண்ணி ஊத்தத்தான் அந்தக் குழாய்.

"நான் சுடலைக்குப் பக்கத்திலை படுக்கமாட்டன். நேத்திக்குப் போற வழியிலை இதோ?" எண்டு அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு முன் சீற்றிலை போய் இருந்திட்டா. மதிலுக்கு அங்காலை, பேசாமல் கிடக்கிற ஆக்கள் எண்டு நான் சொன்னதுதான் பிழை, அதுக்குப் பிறகு மனுசியும் பக்கம் மாறிட்டா. இரவு பதினொண்டரைக்குக் கட்டையைக் கழட்டி, ஊரைச் சுத்தி வந்து, உதைபந்தாட்ட மைதானத்துக்கு வெளியிலை நிண்டம். தடைப்பலகை இல்லை. எனக்கு நித்திரையே இல்லை, ஒவ்வொரு கார் வெளிச்சமும் பொலிஸ் மாதிரிக் கிடந்தது. விடிய ஆறரைக்குத் தட்டினது. நகரசபை ஆள், குப்பை வாளி எடுக்க வந்தவர். "பொன்ஜூர்" எண்டார், கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார், வாளியை எடுத்தார், போயிட்டார். அவ்வளவுதான்.

புரூஜ் சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை, பெரிய தரிப்பிடம், நடந்து போகலாம், சனம். கெவலாரிலை அம்மாவின்ரை நேத்தி முடிஞ்சுது. ஆயிரக்கணக்கிலை எங்கடை சனம், தரிப்பிடத்திலை ஜேர்மன் இலக்கத்தகடு, பிரெஞ்சு, ஒல்லாந்து, சுவிஸ், எல்லாத்துக்குள்ளையுமிருந்து தமிழ்.

மொசல்தான் மனசிலை நிக்குது. அக்கா சொன்னமாதிரி ரெண்டு மணிக்கே தேடத் தொடங்கி, மூண்டரைக்கு ஒரு வைன்காரரின்ரை பின்வளவிலை நிண்டம். கொடிமுந்திரி வரிசை எங்கடை ஜன்னலைத் தொடுது. கரண்டு குத்தினம். மனுசி ரைஸ் குக்கரைப் போட்டா, நான் அதே நேரம் கேத்திலைப் போட்டன். டிக் எண்டு ஒரு சத்தம். எங்களுக்கு மட்டுமில்லை, எங்கடை வரிசையிலை நாலு வண்டிக்கு இருட்டு. பிறகுதான் பெட்டியிலை பாத்தன், 6 அம்பியர் எண்டு எழுதிக் கிடக்குது. 230 ஆலை பெருக்கினால் 1,380 வாற்ஸ். எங்கடை கேத்தில் மட்டும் 2,200! வீட்டுக்கார அம்மா ரோச் லைற்றோடை வந்தா, பெட்டியைத் திறந்து ஆளியைத் தட்டினா, பிறகு எங்கடை வண்டிக்குள்ளை எட்டிப் பாத்து ரைஸ் குக்கரைக் காட்டி "யா", கேத்திலைக் காட்டி "நைன்" எண்டா. நாங்கள் வைன் குடிக்கிறேல்லை, முந்திரிகைச் சாறு ஆறு போத்தில் வேண்டினம். அதுக்குப் பிறகு தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்புத்தான்.

அல்சாஸிலை தண்ணிப் பெட்டி. வில்லை வெதுப்பகத்திலை வேண்டிக்கொண்டு வந்து போட்டால், தண்ணி உடனை வருது, ஆனால் என்ரை குழாயை இணைக்கிற பூட்டு அந்த வாய்க்குப் பொருந்தேல்லை. அது பெரிசு, என்னுடையது சின்னன். பத்து நிமிசத் தண்ணி, ஓடிக்கொண்டே இருக்கு. மகன் சமையல் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவாறான், மகள் வாளி, அம்மா வண்டிக்குள்ளையிருந்து செம்பை நீட்டுறா. பின்னாலை காத்துநிண்ட பிரெஞ்சுக் கிழவர் தன்ரை பெட்டியைத் திறந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துத் தந்தார். திருப்பிக் குடுக்கப் போனன், வேண்டாம் எண்டிட்டார். புதுசாப் போற ஆக்களுக்குச் சொல்லுறன், மூண்டு அளவிலையும் பூட்டு வேண்டி வைச்சிருங்கோ, பத்து யூரோக்குள்ளை முடியும்.

பிரான்ஸ் பாசியோன் ரெண்டு இரவு. ஒண்டு தேனீ வளக்கிறவர், ஒண்டு ஆட்டுப் பண்ணை. ரெண்டாவதிலை காலமை பால் கறக்கிறதைப் பிள்ளையள் நிண்டு பாத்தினம். அம்மா அந்த மனுசியோடை அரை மணித்தியாலம் கதைச்சா, அவ பிரெஞ்சிலை, இவ தமிழிலை. என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டன். "மடி வீக்கத்துக்கு மஞ்சள் பூசச் சொன்னன்" எண்டா.

கணக்கு: ஷ்டெல்பிளாட்ஸ் ஏழு, ஏர் அஞ்சு, பண்ணை ரெண்டு, கம்பிங் ரெண்டு (உடுப்புத் தோய்க்க மட்டும்), சித்தப்பா வீட்டு வாசல் ரெண்டு, உதைபந்தாட்ட மைதானம் ஒண்டு. மொத்தம் இருநூற்றி எழுபது யூரோ அளவு, சந்தாக் காசும் தேனும் சாறும் இல்லாமல். மனுசி இப்ப ஹோட்டல் கதை எடுக்கிறேல்லை. ரொயிலெற் டாங் மகனின்ரை வேலை, ஒரு தடவைக்கு ரெண்டு யூரோ எண்டு பேசினவன் சுவிஸுக்கு வந்தாப் பிறகு மூண்டு பிராங்க் கேட்டான்.

---

மொசல்கரை (கோகெமுக்குக் கிட்ட)
ஞாயிறு, இரவு 8.02

தம்பி, எந்த ஊர் வளவு எண்டு விளங்கிட்டுது, அந்தப் பெட்டி எனக்கும் தெரியும். 😀 அடுத்தமுறை வரேக்கை சொல்லுங்கோ, எங்கடை வீட்டிலை 16 அம்பியர் இருக்கு.

---

அப்புக்காத்து (டோர்ட்முண்ட்)
ஞாயிறு, இரவு 9.15

எடைப்பாலத்தில் ஏற்றினீர்களா?

---

குரும்பட்டி (லண்டன்)
ஞாயிறு, இரவு 9.31

ஏத்தினன் அண்ணை. 3,640. தண்ணித் தாங்கியைக் காலாக்கி, அரிசி மூட்டையை இறக்கி, மூண்டு கதிரையை விட்டிட்டு 3,480க்கு வந்தது. அரிசி இறங்கினதுக்கு அம்மா டோவர் மட்டும் கதைக்கேல்லை.

---

தூங்காநகரம் (மியூனிக்)
ஞாயிறு, இரவு 10.20

அண்ணே, சூப்பர்! அந்த முதல் ராத்திரி சுடுகாட்டுப் பக்கத்து இடம் எந்த ஊர்? மரம், லைட்டு, தண்ணி, ஒரு வண்டியும் இல்லன்னு சொன்னீங்களே. அக்டோபர்ல அந்தப் பக்கம் போறேன்.

---

குரும்பட்டி (லண்டன்)
ஞாயிறு, இரவு 10.26

தனிமடலிலை அனுப்புறன் தம்பி. குழாய் வாசலுக்கு இடப்பக்கம். உங்கடை வண்டியிலை தண்ணி ஒழுகுதோ எண்டு முதல்லை ஒருக்கால் குனிஞ்சு பாத்துச் சொல்லுங்கோ.